சாணுக்கும் நாலு விரலுக்கும் நடுவே: படகுத்துறை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள படகுத்துறை உரிமையாளர்களுக்கும், படகு ஓட்டும் தம்பிகளுக்கும், அந்தப் படகுகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. துடுப்புப் படகு, பெடல் படகு, இன்ஜின் மாட்டிய சின்னப் படகு என்று பொழுதுபோக்குக்கு ஓடுகிற எல்லாமே என் பட்டறைக்கு வந்து போகும். கவிழ்ந்த படகுகளும் வரும். அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் சொல்கிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: “ஓட்டை எங்கே இருக்கிறது, பாருங்கள்.”

பார்ப்பேன். அடிப்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பேன். நிமிர்த்தி வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பி, வெளியே எங்காவது கசிகிறதா என்று சுற்றிச் சுற்றி வருவேன். பெரும்பாலும் ஒரு சொட்டுகூடக் கசியாது. உடம்பில் காயமே இல்லாத படகு அது. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது? விளிம்பைத் தாண்டித்தான் போனது. மேலே திறந்து கிடக்கிற வாய்தான் படகிலேயே பெரிய ஓட்டை. அந்த வாய்க்குக் காவல், விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மட்டும்தான். இந்த மடல் முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியது.

உங்கள் படகுத்துறைகளில் ஆள் ஏறும்போது நடப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் ‘6 பேர்’ என்று எழுதியிருக்கும். தம்பி விரல்விட்டு எண்ணுவார். ஆறு ஆனதும் கயிற்றை அவிழ்த்துவிடுவார். ஆறு பேரில் மூன்று பேர் பின்பக்கம் இன்ஜினை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், பருமனான இருவர் ஒரே பக்கம் இருப்பார்கள், மடியில் இருக்கிற குழந்தை கணக்கிலேயே வந்திருக்காது. ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர்கூடக் குனிந்து, பின்மூலையில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. படகுக்கு எண்ணத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எடையும், அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும்தான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நாலு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள சாதாரண ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கூம்பி வருவதால் அது தண்ணீரில் படிந்திருக்கும் பரப்பு சுமார் நாலரைச் சதுர மீட்டர். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் படகு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கும். ஆறு பேர் ஏறினால் பத்து சென்டிமீட்டர். இன்ஜினோடு காலியாக நிற்கும்போது தாழ்வான இடத்தில் 35 சென்டிமீட்டர் இருந்த விளிம்பு, ஆறு பேர் ஏறிய பிறகு 25 ஆகிவிடும். அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேலே. இதுவரை பயமில்லை.

இப்போது அந்த ஆறு பேரில் இரண்டு பேர், ஏதோ ஒரு பறவையைப் பார்க்க, அரை மீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருகிறார்கள். எழுந்திருக்கக்கூட இல்லை, நகர்கிறார்கள். இந்த அளவுப் படகில் என் கணக்குப்படி அந்தப் பக்கத்து விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகும். ஒரு சாண் இருந்த இடத்தில் நாலு விரல்தான் மிச்சம். அந்த நொடியில் பக்கத்தில் போகிற இன்னொரு படகின் அலை வந்து தட்டினால் போதும். அந்த அலை ஒரு சாண் உயரம் இருந்தால் பார்ப்பதற்கு அது அலையாகவே தெரியாது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேலே போன பிறகு அது உண்மைதான். விளிம்புக்குக் கீழே இருக்கும்வரை சாணுக்கும் நாலு விரலுக்கும் ஒரு குடும்பத்தின் உயிர் அளவு வித்தியாசம் இருக்கிறது.

எனக்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். எந்த இடம், யாருடைய படகு என்பதெல்லாம் வேண்டாம். யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை.

பல வருடங்களுக்கு முன் அக்கா குடும்பத்தோடு ஒரு விடுமுறை நாளில் படகில் போனேன். அக்கா, மாமா, அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான், மாமாவின் நண்பர், ஓட்டுகிற பையன், மொத்தம் ஏழு பேர். காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. பாதி தூரம் போனதும் போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மாமா கேட்டார். பையன் இன்ஜினைச் சட்டென்று அணைத்தான். நான் இந்தத் தொழிலில் இருந்தும் அப்போது வாய் திறக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓடுகிற படகு தனக்குப் பின்னால் ஒரு அலையை இழுத்துக்கொண்டே வரும். படகு சட்டென்று நின்றால் அந்த அலை நிற்காது. பின்னால் வந்து படகைப் பிடித்துவிடும். இன்ஜின் மாட்டுவதற்காகப் பின்பலகையை ஏற்கெனவே தாழ்வாக வெட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு இன்ஜின், டீசலோ பெட்ரோலோ வைக்கிற கேன், ஓட்டுகிறவர் எல்லா எடையும் அங்கேதான் இருக்கும். எங்கள் படகின் அலை அந்தத் தாழ்ந்த இடத்தின் வழியாக ஏறி உள்ளே வந்தது. முதலில் இரண்டு வாளித் தண்ணீர்தான் இருக்கும், எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரின் எடையில் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. அடுத்த அலை சுலபமாக ஏறியது. கணுக்கால்வரை தண்ணீர். அக்காவின் சின்ன மகள் செருப்பு நனைந்ததென்று அழுதபடி எழுந்து நின்றாள். அவளைத் தூக்க மாமா எழுந்தார். அவர் சாய்ந்த பக்கம் படகு சாய்ந்தது. உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் அவர் காலடிக்கு ஓடிவந்தது. அவ்வளவுதான். எனக்கு நினைவிருப்பது சத்தமே இல்லாமல் விளிம்பு தண்ணீருக்குள் போனது மட்டும்தான். கவிழ்வது என்றால் பெரிய ஓசையோடு நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

அக்கா மகளின் மேற்கையை நான் இறுகப் பிடித்திருந்தேன். என் விரல் பதிந்த தழும்பு அவள் கையில் ஒரு வாரம் இருந்தது. மாமா மற்ற பிள்ளையோடு கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார். சில நிமிடத்தில் வேறொரு படகு வந்துவிட்டதால் எல்லோரும் பிழைத்தோம். எங்களோடு ஏழு லைஃப் ஜாக்கெட்டுகளும் இருந்தன. முன் இருக்கைக்கு அடியில், ஒரே கயிற்றால் கட்டிய மூட்டையாக.

அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது உள்ளே வந்த தண்ணீர். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகோட்டிகளே அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். “அஞ்சு சென்டிமீட்டர் தண்ணீர்தானே, கரைக்குப் போய் இறைத்துக்கொள்ளலாம்” என்பார்கள். நான் மேலே சொன்ன படகின் தரையில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 200 கிலோவைத் தாண்டும். மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். அந்த மூன்று பேரும் இருக்கையில் உட்காருகிறவர்கள் இல்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள். படகு இடது பக்கம் ஒரு விரல் சாய்ந்தால் மூன்று பேரும் இடது பக்கம் வந்து குதிப்பார்கள். நல்ல படகு என்றால் சாய்ந்ததும் தானாக நிமிரப் பார்க்கும். பிரெஞ்சுக்காரரான பியர் பூகே 1746-இலேயே இந்த நிமிரும் குணத்தை அளப்பதற்கு ஒரு புள்ளியைக் கண்டு, அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர் வைத்தார். படகின் மொத்த எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குப் படகு நிமிரும். ஆட்கள் எழுந்து நின்றால் எடையின் மையம் மேலே ஏறி அந்தப் புள்ளியை நெருங்கும். தரையில் தண்ணீர் ஆடினாலும் அதே விளைவுதான். தரை முழுக்கப் பரவிய ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு சின்னப் படகின் நிமிரும் பலத்தை மொத்தமாகத் தின்றுவிடக்கூடும்.

ஆகவே தம்பிகளே, காலடியில் தண்ணீர் தெரிந்தால் அப்போதே, அந்த இடத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்து இறைக்க ஆரம்பியுங்கள். வாளி கயிற்றில் கட்டியபடி படகிலேயே இருக்கட்டும். கழற்றி எடுத்துக்கொண்டு போகிற வாளி, தேவைப்படும் அன்றைக்கு இருக்காது. பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் அடைப்பான் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அதை மறந்துவிட்டு இறக்கிய படகுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

படகின் எடை வருடா வருடம் ஏறுகிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருமுறை ஒரு படகின் தரைப்பலகையை அறுத்து எடுத்தேன். பலகைக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் அடைத்திருப்பார்கள். வெள்ளையாக, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருக்க வேண்டிய பொருள். அது பழுப்பு நிறத்தில், ஊறிய பஞ்சு போல வந்தது. கையில் பிழிந்தேன், முழங்கைவரை தண்ணீர் வழிந்தது. திருகாணி போட்ட துளைகள் வழியாகப் பல வருடமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர். அள்ளி அள்ளி டிரம்மில் போட்டு எடை பார்த்தபோது ஒரு ஆள் எடைக்கு மேல் இருந்தது. அந்தப் படகு வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பயணியைத் தரைக்கு அடியில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. பக்கத்தில் எழுதிய எண்ணிக்கை மட்டும் புதிதாக வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஃபோம்தான், தண்ணீர் நிரம்பிய பிறகும் படகை மூழ்கவிடாமல், ஆட்கள் பிடித்துக்கொள்ளும்படி மிதக்க வைக்க வேண்டியது. ஊறிப்போன ஃபோமால் அதுவும் முடியாது.

எண்ணிக்கையை நம்பியதால் என்ன நடக்கும் என்பதற்கு ஏட்டில் பதிந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஏரி. 2005 அக்டோபர் 2. ‘ஈதன் ஆலன்’ என்ற 40 அடிச் சுற்றுலாப் படகு வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போனது. 47 பயணிகள். உரிமத்தில் இருந்த அளவு 48. ஒரு ஆள் குறைவாகத்தான் ஏற்றியிருந்தார்கள். வேறொரு படகின் அலை வந்தது, படகு திரும்பியது, ஆட்கள் ஒரு பக்கம் சரிந்தார்கள், கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் படகு பத்திரமாக ஏற்றியிருக்க வேண்டிய பயணிகள் 14 பேர்தான் என்று தெரிந்தது. 14 எங்கே, 48 எங்கே!

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்தப் படகு 1960-களில் கட்டியது. அப்போது மேலே துணிக் கூரைதான். பிறகு கனமான மரக் கூரை போட்டார்கள். கூரை மாறிய பிறகு படகின் சமநிலையை யாரும் திரும்பச் சோதிக்கவில்லை. ஒரு ஆளுக்கு 140 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ என்று வைத்துப் போட்ட பழைய கணக்கும் அப்படியே இருந்தது. மனிதர்கள் அதைவிடக் கனமாகிவிட்டார்கள். இதற்குப் பிறகுதான், 2011-இல், அமெரிக்கக் கடலோரக் காவல் படை பயணிப் படகுகளுக்கான சராசரி ஆள் எடையை 185 பவுண்டாக, சுமார் 84 கிலோவாக உயர்த்தியது.

உரிமம் வழங்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்களிடம் நான் கேட்க விரும்புவது இங்கேதான் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை எந்த வருடம், எந்த ஆள் எடையை வைத்துப் போட்டார்கள்? அதற்குப் பிறகு அந்தப் படகில் கூரை வந்ததா, பெரிய இன்ஜின் வந்ததா, மேலே ஒரு தளம் வந்ததா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்ணிக்கை மாறியிருக்க வேண்டும். நானே கூரைகள் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் கூரை போட்ட பிறகு இத்தனை பேரைக் குறையுங்கள் என்று என்னிடம் ஒரு அதிகாரிகூட வந்து சொன்னதில்லை. நானும் சில வருடங்கள் சொல்லாமலே இருந்திருக்கிறேன். இப்போது சொல்லாமல் கூரை பொருத்துவதில்லை.

கூரைக்கு இன்னொரு கொடுமையான குணம் உண்டு. படகு மூழ்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டவர் மேலே எழும்புவார். மேலே கூரை இருந்தால் அதில் முட்டி அங்கேயே நின்றுவிடுவார். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1999 மே 1 அன்று நிலத்திலும் நீரிலும் ஓடும் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியபோது 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கூரைக்கு அடியில் சிக்கியவர்கள். விசாரணைக்குப் பிறகு, இந்த மாதிரிப் படகுகளில் மிதப்பைக் கூட்டுங்கள், அதுவரை கூரையை எடுத்துவிடுங்கள் என்று பரிந்துரை போனது. கேட்டவர்கள் குறைவு. 2018 ஜூலை 19 அன்று மிசூரி மாநிலத்தில், புயல் எச்சரிக்கை வந்த பிறகும் ஏரியில் இறங்கிய அதே வகைப் படகு ஒன்றில் 31 பேர் இருந்தார்கள். 17 பேர் இறந்தார்கள். அதிலும் கூரை இருந்தது. நடுவே பத்தொன்பது வருடங்கள். இந்த இரண்டு தேதிகளையும் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆட்கள் நகர்வதைப் பற்றி ஒன்று. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த இரட்டைத் தளப் படகு பலருக்கும் நினைவிருக்கும். 45 பேரின் உயிரைக் கொண்டுபோன விபத்து அது. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. விலங்கைப் பார்த்தால் மனிதன் நகரத்தான் செய்வான். அதற்காகத்தானே வந்திருக்கிறான்? பயணியின் மேல் பழி போட்டு நகர்ந்துவிடாதீர்கள். நகர்ந்தாலும் தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் ஏற்ற வேண்டும். மேல்தளத்தில் ஒரு ஆள் நின்றால் கீழே இரண்டு மூன்று பேர் இருப்பதைவிட அதிகமாகப் படகைத் தள்ளாட வைப்பார் என்பதை மனதில் வைத்து ஏற்ற வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தொழில் தெரிந்தவர்கள். நங்கூரத்தை ஒருபோதும் பின்பக்கம் கட்டாதீர்கள். நீரோட்டமோ காற்றோ இழுக்கும்போது தாழ்ந்த பின்பலகையைக் கயிறு இன்னும் கீழே இழுக்கும், ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். முன்பக்கம், அணியத்தில்தான் கட்ட வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால் “கொஞ்சம்தான் கூடியிருக்கிறது” என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆழமில்லாத ஏரியில் காற்று எழுந்தால் அலை உயரமாக இல்லாவிட்டாலும் நெருக்கமாக, செங்குத்தாக வரும். சின்னப் படகுக்கு நீண்டு புரளும் பெரிய அலையைவிட அது மோசம். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், அணியத்தை அலைக்குக் கொஞ்சம் சாய்வாகக் காட்டி மெதுவாகப் போங்கள். நிறுத்தும்போது வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். எங்கள் குடும்பத்துக்கு நடந்தது உங்கள் படகில் நடக்க வேண்டாம். இன்ஜின் இருந்தால் அதை அணைக்கும் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜின் நின்றாக வேண்டும். இல்லையென்றால் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இதை 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருடாவருடம் வெளியிடும் பொழுதுபோக்குப் படகு விபத்துக் கணக்கில் ஒரு விஷயம் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. இறந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். ஒரு ஆளின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க நாலைந்து கிலோ மிதப்பு கூடுதலாகக் கிடைத்தால் போதும். அவ்வளவு சின்ன உதவி அது. கவிழ்ந்த பிறகு எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். கரையில் நின்றபடியே ஒரு கண்ணை மூடி, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிப் பாருங்கள், தெரியும். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் விழுந்த முதல் நிமிடம் மூச்சே பிடிபடாது, இழுத்து இழுத்து வாங்கும். பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. நல்ல நீச்சல்காரனும் அந்த நேரத்தில் நீச்சல்காரன் இல்லை. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். கால்களுக்கு நடுவே பட்டை உள்ள சிறிய ஜாக்கெட் வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்தக் குழந்தையை அன்றைக்கு ஏற்றாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை.

ஒருவேளை கவிழ்ந்துவிட்டால் படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கரை எப்போதும் கண்ணுக்குப் பக்கத்தில்தான் தெரியும். மிதக்கிற படகைப் பிடித்துக்கொண்டிருப்பவரைத் தேடி வருகிறவர்கள் சுலபமாகக் கண்டுபிடிப்பார்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வொரு படகிலும் ஆள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பயணிகள் இல்லாத ஒரு காலையில், படகுத்துறையை ஒட்டி இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்துங்கள். உள்ளே ஆள் யாரும் ஏற வேண்டாம். இன்ஜின், எரிபொருள், கூரை எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு கேன் 20 கிலோ, நாலு கேன் ஒரு ஆள். கேன்களைத் தரையில் வைக்காமல், ஆள் உட்காரும் இருக்கைகளின் மேலேயே நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். எடை ஆள் உடம்பின் உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கும் நாலு கேன் வையுங்கள். உங்கள் பலகையில் எழுதியிருக்கிற எண்ணிக்கை முடிந்ததும் பின்மூலையில், விளிம்பு மிகவும் தாழ்ந்த இடத்தில், அளந்து பாருங்கள். ஒரு முழுச் சாண் இருக்க வேண்டும். பிறகு இரண்டு ஆள் எடையை, அதாவது எட்டு கேன்களை, வெளியே நின்றபடியே மெதுவாக ஒரே பக்கம் நகர்த்துங்கள். அந்தப் பக்கம் நாலு விரலுக்குக் குறைந்தால் ஒரு ஆள் எடையை இறக்குங்கள். திரும்பச் செய்யுங்கள். நிற்கிற இடத்தில் நிறுத்தி, கேன்களை நடுவே கொண்டுவந்து, படகு நேராக நிற்கும்போது தண்ணீர் தொடுகிற இடத்தில் பின்மூலை இரண்டிலும், நடுப்பக்கம் இரண்டிலும் வெளியே தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அமெரிக்காவில் சிறிய பயணிப் படகுகளுக்கு எடையை ஏற்றி ஒரு பக்கம் நகர்த்திப் பார்க்கிற சோதனை முறையாகவே இருக்கிறது. நான் சொல்வது அதன் எளிய வடிவம். முறையான சோதனைக்கு இது மாற்று இல்லை. அதிகாரிகள் வருகிறவரை காத்திருக்காமல் நாளைக்கே நீங்களாகச் செய்துகொள்ளக்கூடியது.

ஒரு வெள்ளைக் கோடு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். எண்ணிக்கையோடு பயணிகள் வாதாடுவார்கள். “ஒரு ஆள்தானே, குழந்தைதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்பார்கள். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன தம்பியால் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. கோடு தண்ணீருக்குள் போய்விட்டது, பாருங்கள் என்று அவரால் கையை நீட்டிக் காட்ட முடியும். பருமனானவர்கள் நாலு பேர் ஏறியதுமே கோடு முழுகினால் நாலோடு நிறுத்தலாம், யாரையும் நீங்கள் குண்டு என்று சொல்லிப் புண்படுத்த வேண்டியதில்லை. எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் பின்கோடு மறைந்து காட்டிக்கொடுக்கும். தரைக்கு அடியில் ஃபோம் ஊறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும், காலியாக நிற்கும்போதே படகு போன வருடத்தைவிடக் கோட்டை நெருங்கியிருக்கும். அப்போது அதை என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டுவாருங்கள்.

அதிகாரிகளுக்கு: உரிமம் புதுப்பிக்கும்போது காகிதத்தோடு ஒரு முழக்கோலையும் கொண்டுவாருங்கள். கோடு இருக்கிறதா, ஏற்றிய பிறகு சாண் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையோ இன்ஜினோ மாறியிருந்தால் பழைய எண்ணிக்கையை அன்றே ரத்து செய்யுங்கள். கூட்டம் அதிகமான ஒரு விடுமுறை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், சாதாரண உடையில் வந்து துறையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அலுவலக நாளில் காலியாக நிற்கிற படகு உங்களுக்கு எதையும் சொல்லாது.

என் பட்டறையில் இப்போது ஒரு படகு கிடக்கிறது. போன மாதம் கவிழ்ந்தது. ஓட்டை இல்லை. உரிமையாளர் வந்து பெயின்ட் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். கோடு போடாமல் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார். கேன் தூக்க ஆள் போதவில்லை என்றால் உங்கள் துறைக்கும் வருகிறேன். அந்த ஒரு நாளுக்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு படகுப் பழுதுபார்ப்பவன்